பள்ளிக்கு விடுமுறை, வயலில் வேலை: டெல்டா வீடுகளுக்கு ஒரு மழைக்கால வழிகாட்டி

மழை விடுமுறை என்றதும் எல்லோருடைய கவனமும் மழை கொட்டும் நாளின் மேல்தான் இருக்கிறது. அந்த நாளில் குடும்பத்துக்குச் சிரமம் குறைவு. வயலில் இறங்க முடியாது, கடைத்தெருவுக்கும் வேலை இல்லை. பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளும் கண்முன்னே இருப்பார்கள். சிரமம் தொடங்குவது மழை விட்ட மறுநாள். வெயில் எட்டிப் பார்த்ததும் வடிகால் வெட்ட வேண்டும், சாய்ந்த நாற்றை நிமிர்த்த வேண்டும், அழுகிய இடத்தில் மறுநடவு போட வேண்டும். ஆள் கூப்பிட விடியற்காலையில் வாசலுக்கே வந்துவிடுவார்கள். பள்ளியிலோ நிவாரண முகாம் நடக்கும், அல்லது வளாகத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வேலை திரும்பி வந்து பள்ளி மட்டும் திரும்பி வராத அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் பிள்ளைகள் வாய்க்காலில் இறங்குகிறார்கள், அக்கா படிப்பை விட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், அம்மா கூலியை இழக்கிறாள். இந்த வழிகாட்டி முக்கியமாக அந்த இடைநாட்களுக்கானது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு இது பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வரும் பாடு. கொள்ளிடக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பருவமும் உண்டு. மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறக்கும்போது, உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாமலே நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற திட்டு ஊர்களில் ஆகஸ்டிலேயே தண்ணீர் ஏறிவிடும். அவர்கள் கீழே சொல்லும் தயாரிப்புகளை ஜூலையிலேயே முடித்துவிட வேண்டும்.

அக்டோபர் முதல் வாரத்தில் செய்து முடிக்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மதிப்பெண் சான்றிதழ், பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறைப் பதிவில் இருக்கும் மாணவர் எண்) எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே கெட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இரண்டு முறை மடித்து நூலால் கட்டுங்கள். அதை இன்னொரு கவருக்குள் தலைகீழாக வையுங்கள். ஒற்றைக் கவர் மடிப்பில் கிழியும். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பகமான ஓர் உறவினருக்கு அனுப்பி வையுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரிலும் எடுத்து வைக்கலாம். கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கங்களில் கூரையோடு சான்றிதழும் போய், நகல் வாங்க அலைந்த குடும்பங்கள் ஏராளம்.

அடுத்து, பிள்ளையின் வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு கைப்பேசி எண்களைக் கொடுங்கள். ஒன்று உங்களுடையது. மற்றது, நீங்கள் வயலில் இருக்கும்போதும் எடுக்கக்கூடிய ஒருவருடையது: பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை, கடை வைத்திருக்கும் மாமா. மதியத்திலேயே பள்ளியை விட்டு அனுப்பும் நாட்களில் பெரும் சிக்கல் இதில்தான் வருகிறது. காலையில் தூறல்தானே என்று அனுப்பிவிட்டு அம்மா நடவுக்குப் போயிருப்பார், கைப்பேசியைத் தூக்குவாளியோடு கரையில் வைத்திருப்பார். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும். இரண்டாவது எண்ணுக்குரியவர் யாரென்று பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். அவர் வந்தால் மட்டும் போகலாம், அவர் வராவிட்டால் ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதை இரண்டு மூன்று முறை சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.

அறிவிப்பை எப்படிப் படிப்பது

மழை விடுமுறையை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். அறிவிப்பில் நான்கைக் கவனியுங்கள்: தேதி, மாவட்டம், எந்த வட்டங்கள், பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்குமா. சில நாட்களில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை விடுவார்கள். சில நாட்களில் உள்ளூர் நிலையைப் பார்த்துத் தலைமையாசிரியரே முடிவு செய்யலாம் என்று விடுவார்கள். அன்று தொலைக்காட்சியைப் பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை, ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும். போன வருட அறிவிப்பின் படத்தைத் தேதி தெரியாமல் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கம், செய்தித் தொலைக்காட்சி, வகுப்புக் குழுவில் ஆசிரியர் போடும் செய்தி, இம்மூன்றில் ஏதேனும் இரண்டில் பார்த்த பிறகு நம்புங்கள்.

எல்லையோர ஊர்களில் குழப்பம் இன்னும் அதிகம். வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம். குத்தாலம் மயிலாடுதுறை, அடுத்துள்ள ஆடுதுறை தஞ்சாவூர். நாகூரைத் தாண்டினால் காரைக்கால். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி, அங்கே அறிவிப்பே தனி. விதி எளிது: பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட அறிவிப்பு. ஆனால் ஆபத்து பள்ளியில் மட்டும் இல்லை, வழியிலும் இருக்கிறது. உங்கள் ஊர்த் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, பள்ளி இருக்கும் மாவட்டத்தில் விடுமுறை இல்லை என்றால், பிள்ளையை அனுப்பாதீர்கள். ஆசிரியருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுநாள் விடுப்புக் கடிதம் கொடுத்தால் போதும். ஒரு நாள் வருகைப் பதிவுக்காகத் தரைப்பாலத்தைத் தாண்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இடைநாட்களில் பிள்ளையை யார் பார்ப்பது

பெரும்பாலான வீடுகள் எடுக்கும் முடிவு மூன்றில் ஒன்று. அம்மா கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது. எட்டாவது ஒன்பதாவது படிக்கும் மூத்த பெண்ணைப் பொறுப்பாக விடுவது. பிள்ளைகளை வயலுக்கே கூட்டிப் போவது. மூன்றிலும் விலை உண்டு. அதிலும் இரண்டாவதை நாங்கள் அழுத்தமாக வேண்டாம் என்கிறோம். விடுமுறை முடிந்தபிறகும் "இன்னும் ரெண்டு நாள் பார்த்துக்கோடி" என்று அது நீளும். பள்ளி திறந்தபின் முதல் வாரம் வராத பிள்ளைகளில் இந்த அக்காக்கள்தான் அதிகம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த நீண்ட இடைவெளியில் வீட்டுப் பொறுப்பில் சிக்கிய பெண்பிள்ளைகளைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவர எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை எந்த ஊர் ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

வயலுக்குக் கூட்டிப் போவதும் சரியல்ல. வரப்பு வழுக்கும், வாய்க்காலில் ஆழம் தெரியாது, தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் தொற்றும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கூலிக்கு இறக்குவது சட்டப்படி குற்றம்.

தெருவில் ஆறு வீடுகள் சேர்ந்தால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பெரியவர் வீட்டில் நின்று எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது, மற்ற ஐந்து பேரும் வேலைக்குப் போவது. நிற்பவரின் கூலியை எல்லோரும் பங்கிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது நாளே இது முறியும். ஒரு நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 50. வேலைக்குப் போன ஐந்து பேரும் ஆளுக்கு 50 கொடுத்தால் நின்றவருக்கு 250 கிடைக்கும். அன்று எல்லோருக்கும் கையில் நிற்பது அதே 250தான். பணத்தை அன்று மாலையே கொடுத்துவிட வேண்டும். "அடுத்த வாரம் சேர்த்துத் தரேன்" என்று ஒருவர் தொடங்கினால் மனக்கசப்பு வரும். மகளிர் குழுவில் ஏற்கனவே ஒன்றாக இருப்பவர்களுக்கு இது சுலபம், கணக்கு எழுதும் பழக்கம் இருக்கிறது. பாட்டி தாத்தா இருக்கும் வீடு என்றால் அங்கே பிள்ளைகளை விடலாம், ஆனால் எழுபது வயதுப் பாட்டியால் ஓடும் பிள்ளையைத் துரத்திப் பிடிக்க முடியாது. அவருடன் இன்னொருவரும் இருக்க வேண்டும்.

இதில் எங்கள் அளவு: ஒரு பெரியவருக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், அவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது விசாலத்தைப் பார்க்காதீர்கள். குளம், குட்டை, வாய்க்காலிலிருந்து தள்ளி இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, திண்ணையிலிருந்து வாசல் முழுதும் தெரிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையை எண்ணுங்கள். சாப்பாட்டு நேரமும் மாலை நான்கு மணிக்கு மேலும்தான் எண்ணிக்கை குறையும் நேரங்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்ப, பின்னாலேயே இருவர் போவார்கள். யாரும் தனியாகப் போகக் கூடாது, யார் அழைத்துப் போகிறார்கள் என்று தாளில் குறிக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி திறந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பள்ளி விடுமுறை என்றால் அங்கன்வாடியும் விடுமுறை என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டாம், திறந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்.

தண்ணீர், சுவர், மின்சாரம்

டெல்டாவில் வளர்ந்த பிள்ளைக்கு வாய்க்கால் பழக்கம். அந்தப் பழக்கம்தான் ஆபத்து. கோடையில் இடுப்பளவு இருந்த இடத்தில் இப்போது ஆள் உயரம் இருக்கும். மண் எடுத்த பள்ளம் நீருக்கடியில் தெரியாது. மதகு, ஷட்டர், குழாய்ப் பாலம் இருக்கும் இடங்களில் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும். மீன் பிடிக்கப் பிள்ளைகள் கூடுவதும் சரியாக அந்த இடங்களில்தான். வெட்டாறு, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, பாமணியாறு என்று எந்த ஆற்றங்கரை ஊராக இருந்தாலும், மழை விட்ட முதல் மூன்று நாள் அந்த இடங்களில் ஊர்க்காரர் ஒருவர் மாற்றி மாற்றி நின்றால் போதும். அங்கே ஒரு நைலான் கயிறும், காலியாக மூடிய 20 லிட்டர் கேனும் கட்டி வைக்கலாம். கேன் ஒரு ஆளை மிதக்க வைக்கும். யாராவது விழுந்தால் கயிறு கட்டிய கேனை வீசுங்கள், கம்பை நீட்டுங்கள், புடவையை முறுக்கி எறியுங்கள். பயிற்சி இல்லாதவர் குதித்தால் இரண்டு உயிர் போகும். ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்துக் குதிப்பதுதான் இங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள்: குதிக்காதே, கத்து, எறி.

மேலே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் கூடாது. அதில் நேரம் போகும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சில்லை என்றால் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்து வாய் வழியாக மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை மூச்சு கொடுத்து, 108 வரும்வரை நிறுத்தாமல் தொடருங்கள். கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் போக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணற வைக்கும்.

மண் சுவர் மழை பெய்யும்போது மட்டும் இடிவதில்லை; ஊறி நின்ற சுவர் மழை விட்ட பிறகும் சாயும். பழைய தொகுப்பு வீடுகளில் கூரைக் காரை பெயர்ந்து விழுவதும் அப்படித்தான். சுவரின் அடிப்பகுதி ஊதி வெடிப்பு தெரிந்தால், உள்ளே நுழையும் இடத்தில் புதிதாக மண் உதிர்ந்திருந்தால், அந்த அறையில் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள். அறுந்த மின்கம்பி மட்டும் அல்ல, மின்கம்பத்தின் இழுவைக் கம்பியும் நனைந்த சுவரில் இருக்கும் சுவிட்சும் உயிரை எடுக்கும். மின்வாரியப் புகார் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் கதவில் ஒட்டிய தாளிலேயே பெரிதாக எழுதுங்கள்.

தண்ணீர் ஏறும்போது பாம்பும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். விறகுக் குவியல், தேங்காய் மட்டை, பாய்ச் சுருள் மூன்றிலும் பிள்ளைகள் கை விடக் கூடாது. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த கை காலை அசையாமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

பள்ளியில் கிடைத்த சாப்பாடு

இதை வெளியூர்க்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒரு நாளில் இரண்டு வேளை பள்ளியில் சாப்பிடுகிறது. காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம் நாகை மாவட்டத் திருக்குவளையில்தான். மதியம் சத்துணவும் முட்டையும். பள்ளி மூடினால் இரண்டும் நிற்கும். பொது முடக்கக் காலத்தில் உலர் பொருளாக அரிசியும் பருப்பும் முட்டையும் கொடுத்தார்கள், ஆனால் நான்கு நாள் மழை விடுமுறைக்கு அப்படி எதுவும் வராது. கூலி இல்லாத அதே நாட்களில் வீட்டுச் செலவு ஏறுகிறது.

எவ்வளவு என்று கணக்குப் போட்டு வையுங்கள். பள்ளியில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதியம் 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம். காலையில் 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. தொடக்கப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நான்கு நாள் என்றால் அரிசி 800 கிராம், ரவை 400 கிராம், காலைச் சாம்பாருக்குப் பருப்பு 120 கிராம், முட்டை 8. மதியக் குழம்புக்கு இன்னொரு கால் கிலோ பருப்பு. இந்தப் பொருட்களை அக்டோபரில் வாங்கி ஒரு மூடிய டப்பாவில் தனியாக வைத்துவிடுங்கள் (முட்டையை மட்டும் புயல் எச்சரிக்கை வந்ததும் வாங்குங்கள்). முட்டை கிடைக்காவிட்டால் கறுப்புக் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஒரு பிள்ளைக்கு ஒரு கைப்பிடி, முதல் நாள் இரவே ஊறவைத்து வேகவைத்துக் கொடுக்கலாம். எரிவாயு தீர்ந்தால் விறகு நனைந்திருக்கும். பரணில் ஒரு கட்டு காய்ந்த விறகும் வரட்டியும் பாலித்தீனில் சுற்றி வைப்பது நல்லது.

குடிநீரைப் பொங்கிக் கொதிக்க விட்டு ஆறவையுங்கள், தெளிவாகத் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலம், இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளவைக் கண்ணால் போடாதீர்கள்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூலி நின்றாலும் குழுக் கடனின் வாரத் தவணை நிற்காது. தவணை நாளுக்கு முன்பே மையத் தலைவியிடமும் வசூலிப்பவரிடமும் சொல்லி, அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒரு தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன் வாங்கினால், நான்கு நாள் விடுமுறையின் சுமை அடுத்த அறுவடை வரை இழுக்கும்.

படிப்பு

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் அதே நேரத்தில் வேண்டும். காலை பத்து மணி என்று வைத்தால் பத்து மணிதான். நான்கு நாளில் பாடம் பெரிதாகப் பின்தங்காது. நேரத்துக்கு உட்காரும் பழக்கம் போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது நிமிடம் வாய்விட்டுப் படிக்கட்டும், இருபது நிமிடம் பார்க்காமல் எழுதட்டும், மீதி நேரம் வாய்ப்பாடு. பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீட்டுக் காணொளிகள் நல்லவை. ஆனால் மின்சாரம் இல்லாத நாளில் கைப்பேசியின் சார்ஜ் 108க்கும் ஆசிரியர் அழைப்புக்கும் வேண்டும். அதை முதலில் காப்பாற்றுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு மழையே பாடமாகும். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கும் டப்பா ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் சாயாமல் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. ஒரு சென்டிமீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழை. 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6லிருந்து மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. இதை வைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குக் கொடுக்கலாம்: ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். மூன்று மா ஒரு ஏக்கர் என்றால் ஒரு மாவுக்கு எவ்வளவு? இருபது மா சேர்ந்த ஒரு வேலிக்கு எவ்வளவு? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்ததே, அன்று ஒரு ஏக்கரில் விழுந்தது எத்தனை லட்சம் லிட்டர்? பதினேழரை லட்சத்துக்கும் மேல் என்று விடை வரும்போது, அப்பா ஏன் வடிகாலுக்கு ஓடினார் என்று பிள்ளைக்குத் தானே புரியும்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வு தள்ளிப்போனால் புதிய தேதியை ஆசிரியரிடம் மட்டும் கேளுங்கள். பாடத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், நடத்தி முடித்த பகுதிகளைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

நனைந்த புத்தகம்

சேறு பட்ட புத்தகத்தைத் திறக்காமல், மூடியபடியே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பிழியக் கூடாது. துணியில் ஒற்றியெடுத்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டைச் செருகி, விசிறி போல விரித்து நிமிர்த்தி வையுங்கள். மின்விசிறிக் காற்றோ நிழல்காற்றோ போதும். வெயிலில் வைத்தால் தாள் முறுகும், ஓரம் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொட்டால் குளிர்ச்சி போன பிறகு, கனமான பலகையின் கீழ் ஓர் இரவு வைத்தால் தாள் சமமாகும். ஒட்டிய பக்கங்களை ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பிரிக்க வேண்டும். காய்ந்தபின் பிரித்தால் எழுத்து உரிந்து வரும். மை பேனாவில் எழுதிய நோட்டைத் தண்ணீரில் அலச வேண்டாம், ஒற்றியெடுத்தால் போதும். காப்பாற்ற முடியாத பாடநூல்களின் பட்டியலைப் பள்ளி திறந்த முதல் நாளே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், மாற்று நூல் கேட்டு அனுப்ப அவருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

பள்ளி முகாமாக இருந்தால்

2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்த பிறகு பல ஊர்ப் பள்ளிகள் நாள் கணக்கில் முகாமாக இருந்தன. முகாம் முடிந்த மறுநாளே பிள்ளைகளை உள்ளே விட்டால் நோய் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் நான்கைந்து பேர் தலைமையாசிரியரோடு ஒரு சுற்று வந்தாக வேண்டும். நீர்த்தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். அடியில் படியும் சுண்ணாம்பை ஊற்றக் கூடாது. சத்துணவுக் கூடத்தில் ஈரம் பட்ட அரிசி, பருப்பைக் காயவைத்துச் சமைக்கும் யோசனையைத் தடுத்து, ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். வகுப்பறைக்குள் மேசை பெஞ்சுகளைக் கம்பால் தட்டிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும், பாம்பு இருக்கும். முறிந்து தொங்கும் கிளை, விரிசல் விட்ட சுற்றுச்சுவர், நனைந்த மின்பெட்டி இருந்தால் அந்தப் பக்கம் கயிறு கட்டி அடைத்துவிட்டு மற்ற பகுதியைத் திறக்கலாம். திறந்த ஓட்டாஞ்சில்லி, தேங்காய்த் தொட்டி, டயரில் நிற்கும் நீரைக் கொட்டுங்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

திறந்த பிறகு

இழந்த நாட்களை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி நடக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள் பள்ளி நடந்தாக வேண்டும். எந்தெந்தச் சனிக்கிழமை என்று முன்பே கேட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அன்று பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று நம்பி அறுப்புக்கோ கல்யாணத்துக்கோ திட்டம் போட்டு, விடுப்பு எடுக்க வைப்பது அடிக்கடி நடக்கிறது. அந்தச் சனிக்கிழமைகளில்தான் விட்டுப்போன பாடம் நடத்தப்படும்.

முதல் நாளில் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். வெள்ள நீரில் நடந்த பிள்ளைக்கு ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் வெள்ள நீரைப் பற்றிச் சொல்லிக் காட்டுங்கள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு விடக் கூடாது.

ஆறு வீட்டுக் குழு பள்ளி திறந்த மூன்றாம் நாள் ஒருமுறை பெயர்த்தாளைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளும் வகுப்புக்குப் போகாத பிள்ளை யார்? வீட்டுக்கு இருவராகப் போய், குற்றம் சொல்லாமல், என்ன தடை என்று கேளுங்கள். சீருடை போயிருக்கலாம், புத்தகம் போயிருக்கலாம், தம்பியைப் பார்க்க ஆளில்லாமல் இருக்கலாம், வெளியூர் வேலைக்குப் பேச்சு நடந்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் தலைமையாசிரியர் வழி உண்டு. மூன்றாவதற்கு உங்கள் முறைப்பட்டியலில் அந்தத் தம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கோ திருமணத்துக்கோ பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அழைத்தவர் பெயர் வெளியே வராது. பள்ளி தொடர்பான மற்றக் கேள்விகளுக்கு 14417.